பன்னிரண்டாவது பெஞ்சு

மறைமாவட்டத்திலிருந்து சொத்துக் கணக்கெடுக்க
வந்திருக்கிறீர்கள், ஐயா.
முதலில் மூச்சு அடங்கட்டும்.
கடுங்காப்பிதான்; பால் இந்த மலைக்கு மேலே ஏறுவதில்லை.

மணி ஒன்று, விளிம்பில் கீறல்.
மெழுகுத் தண்டு ஆறு.
சவேரியார் சுரூபம், வலக்கையில் இரண்டு விரல் இல்லை.
பெஞ்சு பதினொன்று.
ஆமாம், உங்கள் நோட்டில் பன்னிரண்டு.
நோட்டு சரிதான்.

பன்னிரண்டாவதற்குக் கால் கிடையாது.
அறுத்தது நான்,
போன வருசத் தவக்காலத்தில், சாமியாரைக் கேட்காமல்.
நாலு மூலையிலும் துளை போட்டது இன்னாசி.
கயிறு மாயழகு கொடுத்தது, மாட்டுக்கு வாங்கி வைத்திருந்தான்;
நம் சபை இல்லை,
எதிர்மேட்டில் கருப்பணசாமிக்குப் படையல் போடுகிறவன்.

இங்கே யார் விழுந்தாலும் வேட்டியில் தொட்டில்.
பிரசவத்துக்குத் தொட்டில், பாம்புக்கடிக்குத் தொட்டில்.
ஜீப் நிற்கும் இடம் நாலு மைல், முழுக்க இறக்கம்.
இறக்கம் என்பது
சும்மா இறங்குகிறவனுக்கு, ஐயா.
தூக்குகிறவனுக்கு இல்லை.

மருந்துப்பெட்டியோடு மாதம் ஒருமுறை வரும் சிஸ்டர் பிளாவியா
அன்றைக்கு ஜெபமாலை முடிந்தும் யாரையும் எழவிடவில்லை.
"முதுகுல அடிபட்டவனைத் தொட்டில்ல போடாதீங்க.
வளைஞ்சாப் போச்சு. பலகை வேணும், பலகை."
பீடத்தின் முன்னால் என் மகனை மல்லாத்தி,
கழுத்துக்கு இரண்டு பக்கமும்
பாட்டுப் புத்தகம் அடுக்கி, துண்டால் கட்டிக் காட்டினார்.
கோவில் சிரித்தது.

ஒன்பதாம் நாள்
மிளகு பறித்துக்கொண்டிருந்த ராயப்பன்
சில்வர் ஓக்கிலிருந்து விழுந்தான், ஏணியோடு.
"காலு இருக்காடா?" என்று கேட்டான்.
இருந்தது. அவனுக்குத் தெரியவில்லை.

ரம்பம் எடுத்தேன்.
பழைய பலா மரம், லேசில் அறுபடவில்லை.
அறுத்து முடிக்கும்வரை என்னைத் திட்டிக்கொண்டே கிடந்தான்,
தேவதூதர்களுக்குக் கேட்கக்கூடாத வார்த்தைகளில்.

வத்தலக்குண்டில் டாக்டர்
அவனை விட்டுப் பெஞ்சைத்தான் முதலில் பார்த்தார்.
"யாரு இப்படிக் கட்டினது?"
தப்பு செய்துவிட்டோம் என்று நாலு பேரும் தலை குனிந்தோம்.
ராயப்பன் இப்போது நடக்கிறான்.
மரம் மட்டும் ஏறுவதில்லை.

சாமியாருக்குத் தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த பூசைக்கு வரும்போது
பாக்கெட்டில் நாலு இரும்பு வளையம் இருந்தது.

ஞானஸ்நான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வருகிறேன்.
பதினேழு பேர்.
கடைக்காரர் மனைவி சைனம்பு, சர்க்கரை இறங்கி.
பாம்பு, இரண்டு தடவை.
பளியர் குடி வெள்ளைச்சி, வலி கண்ட இரண்டாம் நாள்.
அவள் மூங்கில் வளைவு தாண்டும்போது பேச்சை நிறுத்தினாள்.
கொண்டுபோன பலகையிலேயே கொண்டுவந்தோம்.

அந்த ஞாயிறு, கல்லடுக்கி,
பெஞ்சைப் பழைய இடத்தில் வைத்தேன்.
ஒருவரும் உட்காரவில்லை.
வாசகம், பிரசங்கம், எல்லாம் அந்த வெற்றிடத்தைச் சுற்றியே நடந்தது.
காணிக்கை நேரத்தில்
இன்னாசி பெண்சாதி செங்கோல்மேரி எழுந்துபோய்,
முந்தானையால் ஒரு மூலையைத் துடைத்து,
பிள்ளையோடு உட்கார்ந்தாள்.
பிறகு இன்னும் இரண்டு பேர்.

மணி ஞாயிறுக்கு மூன்று முறை.
சாவுக்கு விட்டுவிட்டு.
நிறுத்தாமல் அடித்தால் தோள் வேண்டும் என்று அர்த்தம்.
முதலில் வருவது கருப்பணசாமி மேட்டு ஆட்கள்தான்.
"எங்க வீடு கிட்ட" என்பான் மாயழகு.
கிட்டேயெல்லாம் இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள்.
பெஞ்சு பன்னிரண்டு. பழுது: கால் இல்லை.

நேற்று ராத்திரி மறுபடி போயிருக்கிறது.
தூக்கினவர்கள் இன்னும் ஆஸ்பத்திரியில்.
கீழே ஜீப் நிற்கும் இடத்தில்
சைனம்பு கடைச் சுவரில் சாய்ந்திருக்கும்.
மேற்கே கறுத்துவிட்டது, நீங்கள் போய்ச் சேருமுன் மழை பிடிக்கும்.
இறங்கினதும் அதைக் கொஞ்சம் கூரைக்குள் நகர்த்திவிடுங்கள், ஐயா.
நனைந்த கயிறு
தோளை அறுக்கும்.