இந்த வாரம்

மடிப்பாக்கத்தில் மூன்றாவது நாளாக மழை.
தெருவெல்லாம் தண்ணீர்,
லாரித் தண்ணீர் மட்டும் வரவில்லை.

ரூபனுக்குப் பகல் ஷிப்ட் கிடைத்துவிட்டது.
பதினோரு மாதத்துக்குப் பிறகு
ராத்திரியில் இந்த வீட்டில் இரண்டு பேர்.
பாத்ரூம் விளக்கை யார் அணைப்பது என்று
முதல் சண்டையும் போட்டாயிற்று.
வாஷிங் மெஷினுக்கு இன்னும் நான்கு தவணை.

நேற்று அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.
வதங்கிய கேரட், பாதி முட்டைகோஸ்,
காற்று ஒடித்துப் போட்ட
பக்கத்து மனை முருங்கைக்கீரை,
எல்லாம் குக்கருக்குள்.
மிளகு தட்ட உரல் கிடையாது.
சப்பாத்திக் கட்டையால் ஒரு போடு போட்டேன்;
நாலைந்து ஃப்ரிட்ஜுக்கு அடியில் ஓடிவிட்டன.

உப்பு போட்டது நீயா நானா?
இரண்டு பேருமேதான்.
"பெசன்ட் நகர்ல முழுகின மாதிரி இருக்கு" என்றான்,
குரலே இல்லாமல்.
வெந்நீர் ஊற்றினோம்.
இன்னும் கொஞ்சம்.
இரண்டு டம்ளர் சூப்
ஒரு குண்டான் ஆகிவிட்டது.

வாட்ச்மேனுக்கு ஒரு சொம்பு கொண்டுபோனேன்.
ஷட்டர் ஓரமாக நின்று ஊதி ஊதிக் குடித்தார்.
"உப்புதாம்மா கொஞ்சம் கம்மி."

மாடி ஏறி வந்து சொன்னேன்.
தொண்டை வலிக்க வலிக்கச் சிரித்தான்.
அப்போது கரண்ட் போனது,
பாத்ரூம் விளக்கும்.