இரண்டாவது குழந்தை

தார்த்து நகரம். பிப்ரவரி.
சன்னலுக்கு வெளியே எமாயோகி ஆறு
கல்லாய்க் கிடக்கிறது.
எனக்குக் குழந்தைகளைத் தெரியாது.
குழாய்களைத் தெரியும்:
ஊதா மூடி, மூன்று மில்லி, ஒட்டிய எண்.

நான்கு பூஜ்யம் ஒன்று ஏழு.
ஆண். நாலு வயது. ஊர் அன்ட்ஸ்லா பக்கம்.
கூப்பிட்டால் திரும்புவதில்லை.
கரண்டியைத் தூக்கக் கை வருவதில்லை.
காது மருத்துவர் காதைப் பார்த்தார்,
எலும்பு மருத்துவர் தோளைப் பார்த்தார்,
ஒருவர் அம்மாவைப் பார்த்து
நன்றாகத் தூங்குங்கள் என்றார்.
கடைசியாய்ப் பார்த்த ஹெல்வே
படிவத்தின் ஓரத்தில், கோணல் கையெழுத்தில்:
‘இரவில் மூச்சு ஏணி ஏறுகிறது,
படிக்குப் படி நின்று.’

முந்நூறு கோடி எழுத்துகள்.
ஒன்றே ஒன்று மாறியிருந்தது,
அப்பா தந்த பிரதியிலும்
அம்மா தந்த பிரதியிலும்
அதே இடத்தில்.
தலையெழுத்து என்று சொல்லிவிடலாம்.
தலையில் மட்டும் இல்லை அது,
நகத்தில், எச்சிலில், விழப்போகும் பால்பல்லில்.

கண்டுபிடித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.
எழுத்தைத்தான் கண்டுபிடித்திருந்தோம்.
தன்னந்தனியே நிற்கும் எழுத்துக்கு
யார் பொருள் சொல்வது?
வேறெந்தப் பிள்ளையிடமும் அது பதிவாகவில்லை.
வழக்கமான வரியைத் தட்டினேன்:
‘பொருள் தெரியாத மாற்றம்.’
அச்செடுத்தேன். மடித்தேன்.
மதியம் பட்டாணி சூப் குடித்தேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
அன்றிலிருந்து தினமும் காலையில்
காபி ஆறுவதற்குள்
தரவுத்தளத்தில் அந்த எழுத்தைத் தேடினேன்.
தேடுவது என்றால் என்ன?
எங்காவது, எந்த நாட்டிலாவது
இன்னொரு குழந்தைக்கும்
இப்படிக் காதடைத்துக் கை சோர வேண்டும் என்று
வேண்டிக்கொள்வது.
வேறு பெயர் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.
எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்,
பனிச்சறுக்கில் கை ஒடித்துக்கொண்டவள்.

பதினாலு மாதம்.
ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள்.
உருகுவாய், தக்குவாரெம்போ, நோயாளி மூன்று.
அதே எழுத்து. அதே இடம்.
காது, கை, மூச்சு,
வரிசைகூட மாறவில்லை.
நோயாளி நான்கு அவள் தம்பி.
ஒரு விட்டமினை அள்ளி அள்ளிக் கொடுத்ததில்
அவன் நிமிர்ந்து உட்கார்கிறானாம்.
அக்காவின் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை.
அவளைப் பற்றிக் கட்டுரையில் கடைசிச் சொல்
ஆறு வயது.

நான் நாற்காலியிலிருந்து எகிறினேன்.
‘கிடைத்துவிட்டாள்!’ என்று கத்தினேன்.
கத்திய பிறகுதான்
வாயைப் பொத்திக்கொண்டேன்.

மூன்று வாரம் போயிற்று.
அறிக்கையின் அடியில் இருந்த எண்ணுக்கு,
அதாவது என் மேசைக்கு,
ஒரு பெண் தவறிப் பேசினாள்.
மெரிக்கே என்றாள். காரெலின் அம்மா என்றாள்.
அப்போதுதான் எண்ணுக்குப் பெயர் வந்தது.
மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து
பையன் ஒன்றுக்குப் போனால் பனி மஞ்சளாகிறது,
எலுமிச்சை மஞ்சள் இல்லை,
ரோடு போடுகிறவர்கள் சட்டை மஞ்சள்,
இது சரிதானா?
பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
சரிதான் என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு,
‘பிடிக்காமல் நின்றான்’ என்றாள்.
அதைச் சொல்லத்தான் யாரோ ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார்.

காது வரவில்லை. வரும் என்று
ஹெல்வே வாக்குக் கொடுக்கவில்லை.
பதினாலு மாதத்தில் எது எது போயிற்று என்பதை
அளக்கும் கருவி எங்களிடம் இல்லை.
மஞ்சள் என்பதற்கு விரலில் எப்படிச் சைகை காட்டுவது
என்று வீட்டில் எல்லோரும் கற்கிறார்களாம்.

குளிர்பெட்டி, இரண்டாம் தட்டு:
ஒன்பது எட்டு பூஜ்யம் இரண்டு.
பெண். பதினோரு மாதம்.
உலகத்தில் இவளுக்கு
இன்னும் ஒருவரும் இல்லை.

விரல் விசைமேல் நிற்கிறது.
காபி ஆறிக்கொண்டிருக்கிறது.