பட்டியலில் இல்லாத திருகாணி

பதினேழு பள்ளிக்கூடங்களுக்கும் ஒரே ஒப்பந்தம் என்று
தக்கலைக் கூட்டத்தில் முதலில் கை தூக்கியவள் நான்தான்.
அதை மறைத்துவிட்டு மற்றதை எழுத முடியாது.
தனித்தனியாய்க் கேட்டால் ஆளுக்கொரு விலை;
சேர்ந்து கேட்டதில் சிமெண்டு மூட்டைக்கு
இருபத்திரண்டு ரூபாய் குறைந்தது. உண்மை.
பாராட்டுக் கடிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது.

பிறகு பட்டியல் வந்தது.
கதவுக்கு ஒரே அகலம்.
கூரைத் தகட்டுக்கு ஒரே கனம், ஒரே நீலம்.
திருகாணி, துத்தநாகம் பூசியது: பொருள் எண் 114.
பத்துகாணியில் மழை மலையிலிருந்து சாய்ந்து அடிக்கும்.
குறும்பனையில் கடல் சுவரிலேயே துப்பும்.
இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து
யாரோ ஒரு பள்ளிக்கூடம் வரைந்திருந்தார்கள்.
அது மலையிலும் இல்லை, கரையிலும் இல்லை.
எந்தப் பிள்ளையும் அதில் படிக்கவில்லை.
அது மட்டும் ஒழுகவே இல்லை.

கடையாலுமூட்டு வில்பிரட் மேஸ்திரி சொன்னார்:
"மூணு பள்ளிக்கூடம் எண்ணா எடுப்பேன்.
பதினேழுக்கு முன்வைப்பு கட்ட
எனக்க வீட்டயும் சேத்து அடகு வைக்கணும்."
வெளியூர் நிறுவனம் ஒன்றே ஒன்று வந்தது.
போட்டியில்லாமல் வென்றது.
அதன் லாரி ஓட்டுநருக்கு கருங்கல் எது, குளச்சல் எது என்று தெரியவில்லை.
பத்துகாணிக்கு வெட்டிய நீளத் தகடு குறும்பனையில் இறங்கிற்று.
திருப்பி ஏற்ற, பட்டியலில் வண்டிக்கூலி இல்லை.

பதினோராம் மாதம், இடவப்பாதி தொடங்கிய வாரம்,
ரெஜிலின் டீச்சர் போன் செய்தார்:
"மேடம், கூர ஆடுது.
ஆணித்தல எல்லாம் செவந்து உதிருது.
மூணாங்கிளாசு பிள்ளையளுக்க உச்சந்தலையில துரு."
கோயிலில் ஏணி இரவல் வாங்கி ஏறினேன்.
தொட்டேன். 114
நனைந்த பிஸ்கட் போல விரலில் உடைந்தது.

புகார் எழுதினேன். பதில் வந்தது:
மற்ற பதினாறு பள்ளிகளிலிருந்து
இதுபோன்ற குறை பெறப்படவில்லை.

கருங்கல் சந்தையில் பென்சிகர் கடை.
துருப்பிடிக்காத திருகாணி, டப்பா டப்பாவாய்.
"ஒண்ணுக்கு நாலு ரூவா கூட.
வள்ளத்துக்கு எல்லாரும் இததான் கொண்டு போவினும்.
சர்க்காருக்கு மட்டும் என்னத்துக்கு தெரியேல?"
தெரியும்.
பட்டியலில் இல்லாததைத் தெரிந்துகொள்ள
எனக்கு அதிகாரம் கிடையாது, அவ்வளவுதான்.

டீச்சர் சம்பளப் பணத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு வாங்கினார்.
என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
வள்ளத்துக்கு ஆணி அடிக்கும் ஜூடு
ஞாயிறு பூசை முடிந்து, பூசைச் சட்டையோடே ஏறி முடுக்கினார்.
ஐப்பசி வந்தது, போயிற்று.
மூன்றாம் வகுப்பின் கரும்பலகையில்
சுண்ணாம்பு எழுத்து கலையாமல் நின்றது.

மார்ச்சில் தணிக்கை.
நீலகண்டதாணு சார் நேர்மையானவர்.
எங்கள் தேநீரைக்கூடக் காசு கொடுத்துத்தான் குடித்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கூரையை
வரிசை வரிசையாய் எண்ணினார்.
"அங்கீகரிக்கப்படாத பொருள்
அரசுக் கட்டடத்தில் பொருத்தப்பட்டுள்ளது.
அகற்றிவிட்டு, பொருள் எண் 114-ஐ மீண்டும் பொருத்தி
அறிக்கை அனுப்பவும்."

அளவுப் புத்தகம் என் மேசையில் திறந்து கிடக்கிறது.
சேமிப்பு என்ற கட்டத்தில் இருபத்திரண்டு ரூபாய்
மூட்டை மூட்டையாய்ப் பெருகி ஏழு இலக்கமாய் நிற்கிறது.
துருவுக்கு அதில் கட்டம் இல்லை.
குறிப்புரைக்கு மூன்று விரற்கடை இடம்.

எழுதினேன்:
அகற்றுவதற்கு ஏணி தேவை.
ஏணி பட்டியலில் இல்லை.
அடுத்த கூட்டுக் கொள்முதலில் சேர்க்குமாறு
பதினேழு பள்ளிகளின் ஒப்புதல் கோரப்பட்டுள்ளது.
ஒப்பம், ம. சுபலதா, உதவிப் பொறியாளர்.

பதினேழு பேரும் ஒப்புக்கொள்வதற்குள்
எப்படியும் இன்னொரு ஐப்பசி போய்விடும்.