மிச்சம் இருபது நிமிடம்

கொட்டாஞ்சேனையில் கரண்ட் போன இரவு.
ஃபோனில் பதினெட்டு வீதம் சார்ஜ்.
ஜெனோவா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.
படத்தில், புசானிலும் மழை.
காப்புறுதிக் கம்பனிக் கிளார்க் ஒருவன்,
என் வயது, என்னைப்போலவே முன்மண்டை வழுக்கை,
காரின் டிக்கியைத் திறக்கிறான்,
மூடுகிறான்,
மறுபடியும் திறக்கிறான்.

அவன் கொரிய மொழியில் அழுகிறான்.
அடியில் சிங்கள எழுத்து ஓடுகிறது.
நான் தமிழில் பயப்படுகிறேன்.

இந்தப் பாஷைக்குத்தான் ஆறு மாதம்
மருதானையில் மேல்மாடி வகுப்பொன்றுக்குக் காசு கட்டினேன்.
சுத்தியல், ஏணி, கையுறை.
விஹோம் என்றால் ஆபத்து.
வேலைக்குப் போகிறவனுக்கு அவ்வளவு போதும் என்றார்கள்.
'காப்பாற்றுங்கள்' அந்தப் புத்தகத்தில் இல்லை,
படத்தில்தான் கேட்டேன், மூன்று தரம்.
விசா எடுத்துத் தருவதாகச் சொன்னவன்
ஒன்பது லட்சத்தோடு ஒரு செவ்வாய்க்கிழமை காணாமல் போனான்.
ஒன்பதும் சுரங்கவிடம் மீற்றர் வட்டிக்கு எடுத்தது.

சுரங்க கத்தி எதுவும் கொண்டுவரவில்லை.
வீட்டுக்கு வந்தான், பிளேன்ரீ குடித்தான்,
மகளின் ஸ்கூல் வேன் நம்பரைப் பிழையில்லாமல் சொன்னான்,
கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான்.

பத்தொன்பது வருடம்
செட்டியார் தெருவில், அடகுக்கடை மேசையில்,
ஊரார் நகையை உரசிப் பார்த்தவன் நான்.
பொய்ப்பொன் என்னிடம் தப்பியதில்லை.
ஆகவே எனக்குத் தெரியும்
எந்தச் சந்தில் எவன்
பித்தளைக்கு முலாம் பூசித் தருவான் என்று.
மாளிகாவத்தை ஹிதாயா ராத்தாவின் நாலு பவுண் சங்கிலி
உறையைவிட்டுப் போனது.
வேறொன்று வந்தது.
பித்தளை இலேசு. எடை ஒத்துவர
கண்ணிகளைச் சற்றுத் தடிப்பாக்க வேண்டியிருந்தது.
தை பிறக்கும்வரை மீட்கமாட்டாள் என்று கணக்குப் போட்டேன்.
டிக்கியைத் திறந்தவனும்
ஏதோ ஒரு கணக்குப் போட்டிருப்பான்.

அவன் வீட்டுக் கதவை யாரோ தட்டும்போது
டேட்டா தீர்ந்தது.
இருட்டில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
இன்னும் இருபது நிமிடம் மிச்சம்.

காலை ஒன்பதேகால்.
குடையிலிருந்து தண்ணீர் சொட்ட
ஹிதாயா ராத்தா ரசீதை நீட்டினாள்.
வட்டியும் முதலும் எண்ணி வைத்தாள்,
நூறு ரூபாய்த் தாள்கள்தான் கூட.
"மகனுக்கு ஆட்டோ எடுக்கிறம், இத விக்கத்தான்.
கையோட ஒருக்கா உரசிப் பாத்துத் தாங்க தம்பி,
போற எடத்துல ஏமாத்துவாங்க."
முதலாளி பேப்பருக்கு மேலால் பார்த்தார்.

சங்கிலியைக் கல்லில் வைத்தேன்.
கல்யாண மோதிரத்தை
உள்ளங்கைப் பக்கம் திருப்பி
அதால் ஒரு கோடு இழுத்தேன்.
திராவகம் ஒரு சொட்டு.
கோடு அசையாமல் நின்றது, மஞ்சளாக,
இருபத்திரண்டு கரட்,
ஜெனோவா.

"அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும்" என்றாள்.
கைப்பையின் ஜிப்பை இழுத்து
இரண்டு தரம் தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

அவள் விற்கப் போகிற கடை
கோயில் தாண்டி, வளைவுக்கு அந்தப் பக்கம்.
இந்த மழைக்குள் போகப் பத்து நிமிடம்.
திரும்பி வரப் பத்து.

பின்கதவு திறந்துதான் இருந்தது,
தேத்தண்ணிப் பையன் அதால்தான் வருவான்.
முன்னால் யாரோ ஒரு பிள்ளை
சின்னக் காப்பு ஒன்றை நீட்டியது.
வாங்கித் தராசில் வைத்தேன்.
முள் எங்கே நின்றது என்று கேட்காதீர்கள்.
விஹோம் என்ற சொல் மட்டும்
நல்ல உச்சரிப்போடு வாயில் இருந்தது.
வகுப்பில் அதற்கு
முழுப் புள்ளி வாங்கியவன் நான்.