ஈடு

ரிப்போர்ட்டில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில்:
விட்டமின் டி, ஒன்பது புள்ளி நான்கு.
டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்,
"காரைக்குடியில இருந்துக்கிட்டா, உமையாள்?"

சிரிக்கலாம்தான்.
காலையில் பிழிந்த வடகம் மதியத்துக்குள் சலசலக்கும் ஊர்.
நான் ஒன்பது மணிக்கு மெடிக்கல் ஷாப்புக்குள் நுழைந்தால்
இரவு ஷட்டர் இறங்கும்வரை
டியூப்லைட்தான் எனக்குச் சூரியன்.
ஊரார் எலும்புக்கு மாத்திரை எண்ணித் தரும் கை
என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி இறங்குகிறது.

"வாரம் ஒரு பொடி, பாலில். எட்டு வாரம்.
அப்புறம் நிறுத்திட்டு ரத்தம் பாக்கணும்.
நடக்கவும் செய்யணும்."

நடக்க ஏது நேரம்?
ஸ்டாக் எடுப்பதுபோல் என் நாளை இறக்கிவைத்துப் பார்த்தேன்.
ஒவ்வொரு மணியின் மேலும் வேறு யார் பெயரோ எழுதியிருந்தது.
பின்வரிசையில் காலாவதியாகிக் கிடந்தது ஒன்றே ஒன்று:
இட்லி வேகும் பன்னிரண்டு நிமிடம்.
சட்டியின் எதிரே நின்று ஆவியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்,
பார்க்காவிட்டால் வேகாது என்பதுபோல.

பத்தாவது படிக்கும் மகனைப் புத்தகத்தோடு
அடுப்பங்கரையில் காவல் வைத்துவிட்டுச்
செருப்பை மாட்டினேன்.
பள்ளத்தூர் ஊருணியை ஒரு சுற்றுச் சுற்றினால்
ஒரு ஈடு வெந்திருக்கும்.
வந்து தட்டைக் கவிழ்த்து, மாவை ஊற்றி, மறுபடி.

மேற்குக் கரை நாய்
நான் திருடிதான் என்று முடிவே செய்திருந்தது.
ஐந்தாம் நாள் மழை.
ஆறாம் நாள் சோம்பல், அதற்கு மழையைச் சாக்குச் சொன்னேன்.
ஏழாம் நாள் நாத்தனார் வந்திருந்தாள்.
எட்டாம் நாள் நாய் வாலாட்டியது.
அதற்காகவே ஒன்பதாம் நாளும் போனேன்.

மூன்றாம் ஈடு ஊற்றியபோது அவர் கேட்டார்,
"யாரு வர்றாக விருந்துக்கு?"
மிஞ்சியது இரவில் உப்புமாவானது.
நாலு நாள் இட்லி உப்புமா தின்றவர்
ஐந்தாம் நாள் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்.
"ஒரு ஈடு போதும்.
அடுப்பை நான் பாத்துக்கிறேன். நீ எத்தனை சுத்தும் சுத்து."

கடைக்குப் பூமிநாதன் வருவான்.
பகலெல்லாம் லாரியில் ஆத்தங்குடிக் கல் ஏற்றும் உடம்பு
சாயங்காலம் ஜிம்மில் இரும்பு தூக்குகிறது.
கையில் பாலிதீன் கவர், உள்ளே வெள்ளைத் தூள்.
பேரில்லை, தேதியில்லை, செய்தவன் முகவரியில்லை.
"மாஸ்டர் குடுத்தாக. ஒரு மாசத்துல நெஞ்சு விரியுமாம்.
சாப்பிடலாமாக்கா?"
"எலி மருந்துக்கே லேபிள் உண்டு தம்பி."

அலமாரியிலிருந்த பெரிய டப்பாவைப் பார்த்தான்.
விற்றால் எனக்குக் கமிஷன் நூற்றிருபது.
மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன்.
ரசஞ்சோறு, அப்பளம்.
டப்பா விலைக்கு எத்தனை முட்டை, எத்தனை கிலோ கொண்டைக்கடலை என்று
பில் புத்தகத்தின் முதுகில் கணக்குப் போட்டோம்.
அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.
கவரை மேசையிலேயே விட்டுப் போனான்.
டப்பாவை வேறு கடையில் வாங்கியிருக்கலாம், தெரியாது.
இருபத்திரண்டு வயதில் நானும்
கண்ணாடி சொன்னதைத்தான் கேட்டேன்.

எட்டாவது பொடியும் கரைந்தாயிற்று.
முப்பத்தொன்று என்றது ரிப்போர்ட்.
போதும், நிறுத்திடுங்க என்றார் டாக்டர்.
குறைந்ததை ஈடுகட்டிவிட்டு
நேரத்தோடு விடைபெறத் தெரிந்த விருந்தாளி அது.

நடையை எத்தனை வாரத்தில் நிறுத்த வேண்டும் என்று
சீட்டில் எழுதவே இல்லை.
நானும் கேட்கவில்லை.

இன்று நான்கு சுற்று.
கிழக்குக் கரைப் படியில் கொஞ்சம் உட்கார்ந்து
முதுகில் வெயிலை வாங்கிக்கொண்டு வந்தேன்.
அவர் சுட்ட இட்லி
பூமிநாதன் லாரியில் ஏற்றலாம் போலிருந்தது.
இரண்டு கூடுதலாகவே தின்றேன்.