கசிவு

திருத்துறைப்பூண்டியிலிருந்து
காலை ஐந்தே முக்கால் பேருந்தில் வரும்
ஐஸ் பெட்டி.
மன்னார்குடியில் கூட்டம் ஏறினால்
மடியில் தூக்கி வைத்துக்கொள்வார் செல்வக்கொழுந்து.
மீனா என்று கேட்பவர்களுக்கு
ஆமாம், மீன்தான்.
தஞ்சாவூரில் நான் திறக்கும்போது
முப்பத்திரண்டு பேர் இருப்பார்கள்,
ஊதா மூடி போட்டுக்கொண்டு.

தொண்ணூற்றாறில் எனக்கு எண்ணத்தான் தெரியும்.
இருநூறு. நூற்றுப்பத்து. நாற்பது.
நான்கு.
செல்களை எண்ணி எழுதித் தருவேன்,
அதற்குமேல் தர ஒன்றும் இல்லை.
மாத்திரை எங்கோ இருந்தது,
மாதம் ஒரு மா நிலம் விலை.
ஏழு மா வைத்திருந்தார் ஒருவர்.
எட்டாவது மாதம்
அவர் குழாய் வரவில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்
எதில் ஆராய்ச்சி என்று கேட்டார்கள்,
சொன்னேன்,
காப்பி ஆறிப்போய் ஆடை கட்டியது.
நல்லவேளை.
அந்தப் புதன்கிழமை
செல் வளர்ப்புக்குத் தீனி மாற்ற வேண்டியிருந்தது.

பிறகு மாத்திரை இலவசமாய் வந்தது.
எண்கள் ஏறின.
ஏறி, சிலருக்கு மறுபடி இறங்கின.
நூற்று எண்பத்து நான்காம் இடத்தில்
ஒன்று மாறியிருக்கும், ஒன்றே ஒன்று,
மருந்துக்கு இனி அடையாளம் தெரியாது.
இந்தக் கிருமி நகலெடுப்பதில் அவசரக்காரன்,
எழுதியதைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் இல்லை.
பிழைதான் அவன் பிழைப்பு.

பக்கிரிசாமி
(அது அவர் பெயரில்லை)
பொதுப்பணித் துறையில் லஸ்கர்.
அறிக்கை வாங்க அவரே வந்தார் ஒருநாள்.
கண்டறியப்படவில்லை என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டிருந்தேன்.
அப்ப போயிடுச்சாங்க?
இல்லை, தேங்கி நிற்கிறது, மேட்டூர் மாதிரி.
மாத்திரைதான் ஷட்டர் என்றேன்,
உவமை கிடைத்த சந்தோஷத்தில்.
சிரித்துவிட்டார்.

'எறக்கிப்புட்டா நின்னுடும்னு
ஆபீசருங்க எழுதுவாங்கம்மா.
அடியில கசியும்.
மாசி மாசம் வாய்க்கா முச்சூடும் வெடிச்சுக் கெடக்கும்,
ஷட்டருக்குக் கீழ மட்டும்
கோரை பச்சையா நிக்கும், பாத்திருக்கீங்களா?'

பார்த்ததில்லை.

அன்று இரவு
ஐம்பதுக்குக் கீழ் என்று நான் தள்ளிவைத்த குழாய்களை
மறுபடி எடுத்தேன்.
பத்து மடங்கு பிளாஸ்மா, பழைய இயந்திரம்,
நடுவில் ஒருமுறை கரண்ட் போனது.
மூன்று. ஏழு. ஒன்று. மூன்று.
நின்றுகொண்டிருந்தது கோரை.

பதினோரு வருடம் அந்தக் கோரையோடு போனது.
மாத்திரையைக் கூட்டிப் பார்த்தோம், குறையவில்லை.
மாற்றிப் பார்த்தோம், குறையவில்லை.
கடைசியில் தெரிந்தது:
எவனும் புதிதாய் நகலெடுக்கவில்லை.
பழைய செல் ஒன்று இரண்டாகிறது,
தூக்கத்தில் புரண்டு
ஒரு வார்த்தை உளறுகிறது, அவ்வளவுதான்.
அது வெள்ளமில்லை.
ஆனால் வற்றவும் வற்றாது.

கட்டுரைக்கு ஆங்கிலத்தில் இரண்டு வரித் தலைப்பு.
நன்றிப் பட்டியலில் அவர் பெயரைப் போட முடியாது.
எண்ணைப் போட்டேன்,
இதழ்க்காரர்கள் அதையும் எடுத்துவிட்டார்கள்.
என் நோட்டின் அட்டையில் மட்டும்
கசிவு என்று இருக்கிறது.

இந்த மாதம் முப்பதாம் தேதியோடு எனக்கு ஓய்வு.
மைனஸ் எண்பது பெட்டியின் சாவியை
ரோஸ்லின் மேரியிடம் கொடுத்தாயிற்று.
மேல் தட்டில் தொண்ணூறுகளின் குழாய்கள்,
உறைபனிக்குள் பாதி எண்கள் அழிந்து.
இதெல்லாம் கழிக்கலாமா மேடம் என்று கேட்டாள்.
ஏழு மா வைத்திருந்தவர்
மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.
இடம் போதவில்லையா என்று கேட்டேன்,
போதும் என்றாள்,
கதவை மூடினோம்.

பன்னிரண்டாம் தேதி மேட்டூர் திறந்தார்கள்.
நேற்று போன் செய்தேன்.
தண்ணி வந்துடுச்சா?
இன்னும் கடைமடைக்கு வரலீங்கம்மா.
மாத்திரை?
அது ஒம்போது மணிக்கே போட்டாச்சு.