கூட்டு ஒன்று, கழி நான்கு

வைமாரியின் கைக்கடிகாரத்தில் மணி பார்க்க
ஒன்றைக் கூட்டி
நான்கைக் கழிக்க வேண்டும்.
கோடைக்குத்தான் இந்தக் கணக்கு.
குளிர்காலத்தில் கழித்தால் மட்டும் போதும்.

திருகு இறுகி ஏழு வருஷம்.
ஆட்டு ரோமத்தின் மெழுகு உள்ளே புகுந்து உறைந்துவிட்டது.
குறடு போட்டுப் பார்த்தோம்,
மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தோம்.
கோடை வந்தால் நியூசிலாந்து முழுக்க
மணியை ஒன்று தள்ளி வைக்கும்.
இது வைக்காது.
"பொய் சொல்வது அரசாங்கம், இது இல்லை" என்பாள்.
நான்கு நிமிடம் முந்துவது மட்டும்
அதன் சொந்தத் தப்பு.

கோர் ஊரில், தூண்டில் விற்கும் கடையில் வாங்கியது,
ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸின் விலைக்கு.
வெளிச்சத்தைத் தின்று ஓடும் வகை.
கண்ணாடியில் அத்தனை கீறல்,
முள்ளைப் பார்க்க மணிக்கட்டைச் சாய்க்க வேண்டும்.
நாலாவது வார்.
அதன் நுனியைப் பிடித்திருப்பது
ஆட்டுக்குட்டி வாலுக்குப் போடும் பச்சை வளையம்.

ஒருமுறை நான்தான் அதைக் கொன்றேன், கிட்டத்தட்ட.
கழன்று ரோமக் குவியலில் விழுந்ததைப் பார்க்காமல்
பொதி அழுத்தும் இயந்திரத்தில் போட்டுவிட்டேன்.
தைத்த பொதிகளைப் பிரித்தோம்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதின் நடுவில்,
நூற்றெழுபது கிலோ அழுத்தத்தில்,
ஓடிக்கொண்டிருந்தது.
வைமாரி என்னைத் திட்டவில்லை.
மணி என்ன என்று மட்டும் பார்த்து,
"தேநீருக்கு நேரம்" என்றாள்.

கால்டர் பண்ணையில் அன்று கடைசி ஓட்டம்.
நாலு பேர் கத்தரிக்கிறார்கள்.
ரெவிட்டியின் முதுகில் வியர்வை ஆவியாகிறது.
வைமாரி மணிக்கட்டைச் சாய்த்தாள்.
"நிறுத்து!"
இயந்திரங்கள் ஒவ்வொன்றாய் அடங்கின.

கால்டர் கைபேசியை நீட்டிக்கொண்டு வந்தார்.
ஐந்து இருபத்தாறு.
பட்டியில் ஒன்பது ஆடு மிச்சம்.
தெற்கே வானம் கறுத்து வருகிறது.
நனைந்த ஆட்டை யாரும் தொட மாட்டார்கள் என்று
அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.
"ஐந்தரைக்குத்தானே முடிவு?
இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது" என்றார்.

"காலையில் எத்தனைக்குத் தொடங்கினோம்?"
"ஏழரை."
"யாருடைய ஏழரை?"

அவர் பேசவில்லை.
காலையில் அவரும் அங்கேதான் நின்றார்,
தேநீர்க் கோப்பையோடு,
நாங்கள் நான்கு நிமிடம் முன்னால் தொடங்கியதை
ரசித்துக்கொண்டு.

"எந்தக் கடிகாரத்தில் தொடங்கினோமோ
அதில்தான் முடிப்போம்" என்றாள்,
துடைப்பத்தை எடுத்துக்கொண்டே.

ரெவிட்டிக்கு வருத்தம்தான்.
தலைக்கு இவ்வளவு என்று கூலி,
அவன் பங்குக்கு இரண்டு ஆடு போனது.
ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.
வெட்டுக்கத்தியைக் கழற்றி
எண்ணெய்த் துணியில் சுற்றினான்.

மழை மூன்று நாள் பெய்தது.
நாங்கள் வேறு பண்ணைக்குப் போய்விட்டோம்.
அந்த ஒன்பதையும் கால்டர் தானே கத்தரித்தாராம்.
பிறகு சாலையோரம் அவற்றைப் பார்த்தேன்:
படிப்படியாய், திட்டுத்திட்டாய்,
குடிகாரன் சவரம் செய்த முகம் போல.

இது நடந்தது ஜனவரியில்.
ஜூலையில் கும்பல் கலைந்து அவரவர் வீட்டில்.
எனக்குப் பல்வலி.
இன்வர்கார்கில் போக மூன்று மணிப் பேருந்து.
நிலையத்துச் சுவரில் மூன்று ஒன்று.
நான்கைக் கழித்தேன்.
நிதானமாய் ஒரு கறி அப்பம் வாங்கி,
வலிக்காத பக்கம் மென்றுகொண்டு வந்தேன்.

பேருந்து இல்லை.
சீட்டுக் கொடுக்கும் பெண்
அடுத்தது ஆறு மணிக்கு என்றாள்.
யாருடைய ஆறு என்று
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.